சின்சே எடுக்க மறந்த ஊசி

போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் பார்த்தேன். இடது கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, உள்பக்கமாக, ஒரு ஊசி நின்றுகொண்டிருந்தது. தலைமுடி அளவு மெல்லிய ஊசி. கால்சட்டை உரசி உரசிப் பாதியில் வளைந்திருந்தது. சீன வைத்தியர் சின்சேயின் கடையிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இறங்கிக் காய்கறி வாங்கி, மூன்று மாடி ஏறி வீட்டுக்குள் நுழைந்தவரை அது என் காலிலேயே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் உன் ஞாபகம் வந்தது. நீ இருந்திருந்தால் இது நடந்திருக்காது. திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்குக் குத்துகிற ஊசிகளையும் சேர்த்து எண்ணுகிறவள் நீ. குத்தும்போது ஊசியைத் தாங்குகிற சின்னக் குழாயைச் சின்சே விரலால் தட்டுகிற சத்தம். எடுக்கும்போது எவர்சில்வர் தட்டில் ஊசி விழுகிற சத்தம். இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் அங்கிருந்தே கத்துவாய். “சின்சே! சத்து லாகி! பதினாலு குத்துனாரு, பதிமூணுதான் எடுத்திருக்காரு. ஏய், எந்திரிக்காத, காலப் பாரு.” இன்னும் ஒன்று பாக்கி என்று நீ மலாயில் சொன்னதும் அவர் அசட்டுச் சிரிப்போடு திரும்பி வருவார்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதினால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்று தெரியும். வேலை, வீடு, மாதம் பிறந்தால் வயிற்றுவலி என்று தள்ளிப்போட எனக்குக் காரணத்துக்கா பஞ்சம்? இன்றும் சனிக்கிழமை. சின்சேயைப் பார்த்துவிட்டு வந்து, சமைக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்காரருக்கு இன்று கடையில் வாங்கிய ரொட்டி சானாய்தான்.

உன்னை முதலில் பார்த்தது நம் தொழிற்சாலையின் சிக் ரூமில். அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு கட்டில். முழங்காலை வயிற்றோடு சேர்த்து அதில் நீ சுருண்டு கிடந்தாய். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

“உனக்கும் அதானா? ஏறிப் படு. வெக்கப்படாத.”

சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டாய். ஒரு ஆள் கட்டிலில் இரண்டு பேர், முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துக்கொண்டு ஊர் விசாரித்தோம். நான் பெக்கோக் என்றேன். “அலமாக்! நான் சாஆ. அவ்ளோ கிட்ட இருந்துட்டு, தம்போய்ல வந்து ஒரே கட்டில்ல படுக்கணும்னு இருக்கு பாரு” என்றாய். அன்றைக்கு வலி குறைந்ததா என்று ஞாபகம் இல்லை. தனியாக இல்லை என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

டாக்டர் சீட்டோடு மாதம் இரண்டு நாள் எம்.சி. எடுப்போம், நீயும் நானும் பெரும்பாலும் ஒரே வாரத்தில். “ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கிட்டு எடுக்கிறீங்களா?” என்பார் சூப்பர்வைசர். ஒருநாள் நீ நோயின் பெயரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாய். எண்டோமெட்ரியோசிஸ். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “பேரு நீளமா இருந்தா லீவும் நீளமா வேணுமா?” என்று கேட்டார். வெளியே வந்து நாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நிஜமாகவே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, சிரித்தால் உள்ளே இழுக்கும்.

கருப்பைக்குள் இருக்கவேண்டியது வெளியே ஒட்டி வளர்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் படம் போட்டுக் காட்டுவதற்குள் எனக்கு முப்பது தாண்டிவிட்டது. அதுவரை போன கிளினிக்குகளில் எல்லாம் ஒரே பேச்சு. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனது. பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள். பிள்ளை வரவில்லை, வலி மட்டும் தவறாமல் வந்தது. நீ என்னைவிட ஒரு படி மேலே போயிருந்தாய். கட்டியை அறுத்து எடுத்து, ஒன்றரை வருஷத்தில் வலி மறுபடியும் வந்துவிட்டது. திரும்பவும் ஆபரேஷன் செய்யலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் உன் வீட்டில் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அம்மா இருந்தார். தூக்கி உட்கார வைக்கவும் குளிப்பாட்டவும் நீ ஒருத்திதான். முதல் ஆபரேஷனுக்கு உன் சித்தி வந்து ஆறு வாரம் பார்த்துக்கொண்டார். அடுத்த வருஷமே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“இன்னொரு தடவ யாரு வருவா? நான் படுத்துட்டா அம்மாவ யாரு தூக்குறது?” என்று கேட்டாய்.

சின்சேயைப் பற்றிச் சொன்னது தொழிற்சாலையில் நம் லைனில் வேலை செய்த சீனப் பெண். தம்போயில் கார் பட்டறைகளுக்கு நடுவே ஒரு கடைவீடு. முன்னால் மருந்து அலமாரி, பின்னால் இரண்டு கட்டில், நடுவில் ஒரு பூப்போட்ட திரை. பக்கத்துப் பட்டறையில் தகரம் தட்டுகிற சத்தம் ஓயாது. முதல்நாள் ஊசிப் பொட்டலத்தைப் பார்த்ததும் நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். நீ சிலுவை போட்டுக்கொண்டாய். எனக்கும் சேர்த்து இன்னொன்று போட்டாய். “உங்க முருகன் கோவிச்சிக்க மாட்டாரு, விடு” என்றாய்.

ஊசி இறங்குவது அவ்வளவாக வலிக்கவில்லை. இறங்கிய பிறகு அந்த இடத்தில் ஒரு கனம் வரும், யாரோ கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிற மாதிரி. அடிவயிற்றில் நாலு, கால்களில் ஆறு, கைகளில் நாலு. மூலிகையைச் சுருட்டிச் செய்த தடியைக் கொளுத்தி, அதன் சூட்டைத் தொப்புளுக்குக் கீழே காட்டுவார். படுக்கும்போது மாற்றிக் கட்டுகிற நம் கைலியில் அந்தப் புகை ஏறினால் இரண்டு முறை துவைத்தாலும் போகாது. பிறகு திரையை இழுத்துவிட்டு, மணி வைத்துவிட்டுப் போய்விடுவார். அரை மணி நேரம்.

அந்த முதல்நாளே ஒரு மஞ்சள் அட்டையில் நம் பெயரை எழுதிக்கொண்டு அவர் சொன்ன சட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஒவ்வொரு வாரமும் “பெராப்பா?” என்று கேட்பேன், வலி எவ்வளவு என்று பத்துக்கு விரலால் காட்டவேண்டும் என்றார். முதல் மாதம் எத்தனை காட்டினாலும் சரி. அதற்குப் பிறகும் ஐந்துக்கு மேல் வந்தால் ஊசி கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரவேண்டும். ஊசி வலியைத்தான் பார்த்துக்கொள்ளும், உள்ளே என்ன வளர்கிறது என்று அதற்குத் தெரியாது என்றார். உடைந்த மலாயில் சொன்னாலும் தெளிவாகத்தான் சொன்னார்.

பலன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மூன்றாவது மாதம் நான் எம்.சி. எடுக்கவில்லை. நோய் எங்கும் போகவில்லை, வலி மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது. இரவு தூங்கினேன். உனக்கும் முதல் சில மாதம் அப்படித்தான் இருந்தது. கட்டிலில் படுத்தபடி அங்கிருந்து பேசுவாய். ஒருமுறை வெகுநேரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாயோ என்று கூப்பிட்டேன்.

“தூங்கல. இந்த அர மணி நேரம் யாரும் என்னக் கூப்புட மாட்டாங்க லா. அதுக்காகவே குத்தட்டும்” என்றாய்.

அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். வாரம் முழுக்க ஷிஃப்டு, ஷிஃப்டு முடிந்தால் அம்மா. சனிக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா உன் அம்மாவோடு இரண்டு மணி நேரம் இருப்பார். அதில் போக வர நேரம் போனால் மிச்சம் இந்தக் கட்டில்தான். வேறு எங்கும் நீ படுத்து நான் பார்த்ததில்லை, அந்த சிக் ரூமைத் தவிர.

விரல் விஷயத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீதான். நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ, பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாய். “அஞ்சுக்கு மேல காட்டிடாத. ஊசிய எடுத்து வெச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு வெரட்டிடுவாரு. நான் ரெண்டுதான் காட்டுவேன்.”

“நெசமா எவ்ளோ?” என்று கேட்டேன்.

“அத விடு. ரெண்டுன்னு காட்டுனா அவரு மூஞ்சியப் பாத்தியா? நல்ல மார்க்கு வாங்குன புள்ள மாதிரி ஆயிடுறாரு. இவ்ளோ குத்தியும் வலிக்குதுன்னு சொன்னா பாவம் இல்ல?”

நானும் சிரித்தேன். நம் ஆட்கள் இப்படித்தான். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கேட்டாலும் “பரவால்ல, கொஞ்சம்தான்” என்று சொல்லித்தான் நம் வீட்டுப் பெண்களுக்குப் பழக்கம். வைத்தியம் செய்கிறவர் மனம் நோகக்கூடாது என்று வலிக்கிறவள் பார்த்துக்கொள்வாள். நானும் மறுவாரத்திலிருந்து மூன்று விரலுக்கு மேல் காட்டவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை. திரையின் கொக்கி ஒன்று கழன்று, ஒரு கை அகலத்துக்கு இடைவெளி விழுந்திருந்தது. சின்சே உன் பக்கம் போய் “பெராப்பா?” என்றார். நீ வலது கையில் இரண்டு விரலைக் காட்டி, “சிக்கிட் சாஜா, சின்சே” என்றாய். கொஞ்சம்தான் என்று சொன்ன அந்த நேரத்தில் உன் இடது கை கைலியை முறுக்கிப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் எல்லாம் வெளுத்திருந்தன. முகத்தில் சிரிப்பு. அவர் அட்டையில் எழுதிக்கொண்டு சந்தோஷமாக ஊசிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

நான் பார்த்தேன். ஒப்புக்கொள்ள வேண்டியது என்று சொன்னேனே, அது இதுதான். பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கே உன்னை அனுப்பியிருப்பார். உன் அரை மணி நேரம் போயிருக்கும், நீ என்மேல் கோபப்பட்டிருப்பாய். அதோடு என் விரல் கணக்கும் வெளியே வந்திருக்கும் என்கிற பயமும் இருந்தது, அதையும் மறைக்கப்போவதில்லை. பஸ்ஸில் வரும்போது உன் வயிறு உப்பியிருப்பதைப் பார்த்து, “ஒடம்பு போட்டுட்ட போல” என்று கேலி செய்தேன். “சோறே எறங்கல, எங்கேருந்து போடுறது?” என்றாய். அதையும் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

அதிலிருந்து எட்டு மாதம் கழித்து நீ லைனிலேயே விழுந்தாய். ஆஸ்பத்திரியில் சொன்னது நம் பழைய நோயை இல்லை. சூலகத்தில் வேறு கட்டி, பரவியிருக்கிறது என்றார்கள். எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அந்த டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வார்டில் இரண்டு மாதம் இருந்தாய். அதுவரை எட்டிப் பார்க்காத உன் தம்பி வந்து அம்மாவை சாஆவுக்குக் கூட்டிப் போய்விட்டான். அவரைத் தூக்க ஆள் கிடைத்துவிட்டது, பார்த்தாயா, கடைசியில் எப்படியோ கிடைத்துவிட்டது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட ஒரே உதவி அதோடு சம்பந்தம் இல்லாதது. “சின்சே கிட்ட சொல்லாத. தன்னோட தப்புன்னு நெனச்சிக்குவாரு.”

உனக்குக் கட்டி என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு சனிக்கிழமை மழுப்பினேன், மூன்றாவது வாரம் அவரே உன் கட்டிலைக் காட்டிக் கேட்டபோது என்னால் முடியவில்லை. அவர் மேசைக்குப் போய் உன் மஞ்சள் அட்டையை எடுத்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். “டுவா. டுவா. டுவா. செலாலு டுவா.” இரண்டு, இரண்டு, எப்போதும் இரண்டு. அதை என்னிடம் நீட்டினார், நான் திருத்திக் கொடுப்பேன் என்பது போல. நான் வாங்கவில்லை.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு சாஆவுக்கு வந்தேன். உன் அம்மா கோணிப்போன வாயால் மெதுவாக என்னிடம் சொன்னார்: “வலிக்குதாம்மான்னு டெய்லி கேப்பேன். ஒண்ணுமில்ல, நீங்க சாப்புடுங்கன்னு சொல்லும்.” உன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. எல்லாரையும் நோகாமல் பார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய். நோகிறது எங்கள் எல்லாருக்கும்தான்.

இத்தனைக்குப் பிறகு நான் திருந்தியிருப்பேன் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இல்லை. நீ போன பிறகும் மூன்று விரல்தான் காட்டினேன். இந்த நாலைந்து மாதமாக வலி பழையபடி கூடிக்கொண்டு வருகிறது, தெரியும். ஆஸ்பத்திரி வரிசை, மறுபடியும் படம், மறுபடியும் ஆபரேஷன் பேச்சு, வீட்டுக்காரரிடம் விளக்குவது, சூப்பர்வைசரிடம் விளக்குவது. நினைத்தாலே அலுப்பு. பயம்கூட இல்லை, வெறும் அலுப்புதான். மூன்று விரலைக் காட்டிவிட்டுப் படுத்துவிடுவது சுலபம். நீயும் இப்படித்தான் படுத்தாய் என்று இப்போது புரிகிறது.

அந்த ஊசிதான் என்னைப் பிடித்தது. வளைந்த ஊசியைக் காலிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு குளியலறையில் வெகுநேரம் நின்றேன். இவ்வளவு தூரம் ஒரு ஊசி காலில் இருந்தும் ஏன் தெரியவில்லை என்று யோசித்தேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, அடுத்த நிறுத்தம் வரை தாங்கினால் போதும், அதற்கடுத்த நிறுத்தம் வரை தாங்கினால் போதும் என்று வந்திருக்கிறேன். வயிறு அந்தப் பாடு படுத்தும்போது கால் என்ன சொன்னாலும் எங்கே கேட்கும்? அன்றைக்கும் சின்சேயிடம் மூன்று என்றுதான் காட்டியிருந்தேன்.

ஊசியைத் தைலச் சிமிழ் ஒன்றில் போட்டு வைத்திருந்து, இன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். சின்சே பதறிவிட்டார். வயதாகிவிட்டது, கண் சரியில்லை என்று பத்து தடவை மன்னிப்புக் கேட்டார். என் காலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு வழக்கம்போல என் அட்டையை எடுத்துக்கொண்டு, “பெராப்பா?” என்றார்.

பக்கத்துக் கட்டிலில் யாரும் இல்லை. திரை ஒதுக்கியிருந்தது. நான் முதலில் ஒரு கையை முழுதாக விரித்தேன். பிறகு அடுத்த கையில் மூன்று விரல். எட்டு விரலை அப்படித் தூக்கிப் பிடிக்க எனக்குக் கை வலித்தது. அவர் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். போன வாரம் மூன்று, இந்த வாரம் எட்டா என்று கேட்டார். போன வாரமும் எட்டு என்றேன். அதற்கு முந்தின வாரமும் என்றேன். அப்புறம், “அவளுக்கும்” என்று தமிழிலேயே சொல்லி உன் கட்டிலைக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது.

அவர் கோபப்படவில்லை. அட்டையில் எட்டு என்று பெரிதாக எழுதினார். ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி, எத்தனை மாதமாக ஊசி போடுகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பிரித்து வைத்த ஊசிப் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளினார். சட்டம் சட்டம்தான். நான் கைலியைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

“பாரிங் டூலு” என்றார். முதலில் படு என்கிறார்.

ஊசி இல்லையே என்றேன். ஊசி இல்லாவிட்டால் என்ன, களைத்துப் போயிருக்கிறாய், அரை மணி நேரம் படுத்துவிட்டுப் போ, வாராவாரம் வேண்டுமானாலும் வந்து படுத்துவிட்டுப் போ என்றார். எப்போதும் போலத் திரையை இழுத்துவிட்டார். மணி வைத்தார். போய்விட்டார்.

பட்டறையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் படுத்துக்கொண்டு அழுதேன். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், எவ்வளவு வலி என்று யார் கேட்டாலும் எட்டு என்றுதான் சொல்வேன், அதற்காக அழவில்லை. நீ எட்டு விரல் காட்டியிருந்தாலும், பத்து விரலையும் விரித்திருந்தாலும், அந்தக் கட்டில் உனக்குக் கிடைத்திருக்கும். படுத்துக்கொள் என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டிருப்பார். கேட்கலாம் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.